வார்டிலிருந்து மருத்துவ இதழ் வரை: பொது மருத்துவத் துறையில் கேஸ் ரிப்போர்ட் எழுத முழுமையான வழிகாட்டி

கேஸ் ரிப்போர்ட் (ஒரு நோயாளியின் நோய்க்கதையை மருத்துவ இதழுக்கு எழுதும் கட்டுரை) இதழிலிருந்து திரும்பி வருவதற்கு ஆங்கிலம் காரணமாக இருப்பது குறைவு. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்திருக்க வேண்டிய ரத்தம் எடுக்கப்படவில்லை. புண்ணின் படத்தில் அளவுகோல் இல்லை. நோயாளி ஊருக்குப் போனபிறகு கையெழுத்து வாங்க ஆள் கிடைக்கவில்லை. வழக்கமான காரணங்கள் இவைதான். இவற்றில் எதையும் பிறகு உட்கார்ந்து எழுதிச் சரிசெய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டி எழுத்து நடையைவிட வார்டில் செய்ய வேண்டிய வேலைக்கே அதிக இடம் கொடுக்கிறது. பொது மருத்துவம் படிக்கும் பிஜி மாணவர்களும், மாவட்ட மருத்துவமனைகளில் நல்ல நோயாளிகளைப் பார்த்தும் எழுதாமல் விட்டுவிடும் மருத்துவர்களும் இதைப் படிப்படியாகப் பின்பற்றலாம்.

விளக்கத்துக்காக ஒரு நோயாளியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். வயல் வேலை செய்யும் 42 வயதுப் பெண். நவம்பர் மாதம், 8 நாள் காய்ச்சல், தலைவலி, மூச்சுத்திணறல். ஆறாம் நாள் வெளியே எடுத்த ரேபிட் கார்டில் டெங்கு என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதம்) பாசிட்டிவ். வந்து சேர்ந்தபோது பிளேட்லெட் 38,000, வெள்ளணு 13,400, ஏஎஸ்டி (கல்லீரல் நொதி) 186, கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) 1.6. இரண்டாம் நாள் ரவுண்ட்ஸில் இடது மார்பகத்தின் அடியில் ஒரு புண் தெரிகிறது. ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணி கடித்து வரும் பாக்டீரியா காய்ச்சல்) ஐஜிஎம் எலைசா (ரத்தத்தில் எதிர்ப்புரதத்தைத் தேடும் சோதனை) பாசிட்டிவ். டாக்சிசைக்ளின் தொடங்கி 40 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்குகிறது. "டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் இரட்டைத் தொற்று" என்று எழுதிவிடலாம் என்று யூனிட்டில் பேச்சு எழுகிறது. எழுதலாமா?

முதல் படி: எழுதும் அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?

"அபூர்வமான நோய்" என்பது மட்டும் போதாது. தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைஃபஸ் அபூர்வமில்லை. குளிர் மாதங்களில் வார்டில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அதில் ஏஆர்டிஎஸ் (கடும் நுரையீரல் செயலிழப்பு), சிறுநீரகப் பாதிப்பு, மூளைக்காய்ச்சல் வந்தது என்பதும் ஏற்கெனவே பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஒரு கேஸ் ரிப்போர்ட் பின்வருவனவற்றில் ஏதாவது ஒன்றைத் தர வேண்டும்: தெரிந்த நோயின் தெரியாத முகம், மருந்தின் எதிர்பாராத விளைவு, இரண்டு நோய்கள் ஒன்றையொன்று மறைத்த விதம், நோயறிதலைத் தவறவிடச் செய்த ஒரு சோதனை முடிவு. நம் நோயாளியின் மதிப்பு கடைசி வகையில் இருக்கிறது. எட்டாம் நாளிலும் காய்ச்சல் குறையாமல் இருந்த ஒருவரை ஒற்றை என்எஸ்1 கார்டு எப்படித் திசைதிருப்பியது என்பது வேறு மருத்துவருக்கு நாளைக்கே உதவும்.

இந்தக் கேள்வியை ஒரே வாக்கியமாக ஒரு தாளில் எழுதுங்கள். "என்எஸ்1 பாசிட்டிவ் ஆன நோயாளிக்கு ஏழு நாளுக்கு மேல் காய்ச்சலும் வெள்ளணு உயர்வும் இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸைத் தேட வேண்டுமா?" இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் கட்டுரையும் வராது. அதை யூனிட் சீஃபிடம் அன்றைக்கே காட்டிப் பேசிவிடுங்கள். அவர் "இதற்கு இந்த டெஸ்ட் வேண்டும்" என்று சொல்வதை நோயாளி படுக்கையில் இருக்கும்போதே செய்ய முடியும்.

இரண்டாம் படி: முதல் 48 மணி நேரம்

முதலில் மாதிரிகள். சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல், முதல் டோஸுக்கு முன் 5 மி.லி. ரத்தம் கூடுதலாக எடுங்கள். ஒரு பங்கு சாதாரணக் குழாயில் சீரத்துக்கு, ஒரு பங்கு ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் வைக்கும்) குழாயில் பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). சீரத்தைப் பிரித்து இரண்டு மூன்று சிறு குழாய்களில் போட்டு, ஐபி (உள்நோயாளி) எண், தேதி, நேரம், காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதி மைக்ரோபயாலஜியில் உறைநிலையில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே குழாயில் வைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி மறுபடி உறைய வைக்க நேரும். அதில் மாதிரி கெடும். இரண்டாவது சீரம் 2 முதல் 4 வாரம் கழித்து வேண்டும். அதற்கான தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே, "மறுபரிசோதனை, ரத்தம் எடுக்க வேண்டும்" என்று போட்டுக்கொடுங்கள். நோயாளியின் தொலைபேசி எண்ணோடு பக்கத்து வீட்டாரின் எண்ணையும் வாங்கி வைத்தால் ஆள் திரும்பி வரும் வாய்ப்பு கூடும்.

அடுத்தது உடல் பரிசோதனை. ஸ்க்ரப் டைஃபஸில் எஸ்கார் (உண்ணி கடித்த இடத்தில் வரும் புண்) கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தேடுகிறவர்கள் தேட வேண்டிய இடங்களில் தேடுவதில்லை. அக்குள், மார்பகத்தின் அடி, தொப்புள், இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பிட்ட மடிப்பு, முழங்கால் பின்புறம், காதின் பின்புறம் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் வரிசையாகப் பாருங்கள். வறண்ட தோலில் எஸ்கார் சிகரெட் சுட்ட தழும்பு மாதிரி கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக இருக்கும். ஈரமான மடிப்புகளில் கறுப்புப் பொருக்கு உருவாகாமல், மஞ்சள் நிற அடித்தளம் உள்ள ஆழமற்ற புண்ணாக நின்றுவிடலாம். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். பெண் நோயாளியைப் பார்க்கும்போது செவிலியர் உடனிருக்க வேண்டும், திரை போட வேண்டும். "எஸ்கார் இல்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதானால் எந்தெந்த இடம் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னாளில் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. பொருக்கு இருந்தால் அதைப் பிசிஆருக்கு அனுப்பலாம். ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்ட பிறகும் எஸ்காரில் கிருமியின் டிஎன்ஏ கிடைக்க வாய்ப்புண்டு. ரத்தத்தில் அந்த அவகாசம் குறைவு.

எண்களைப் பதியும்போது அவற்றுக்கு உயிர் கொடுக்கும் துணை எண்ணையும் பதியுங்கள். "பிஏஓ2 62" (தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம்) என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்போது நோயாளி எத்தனை லிட்டர் ஆக்சிஜனில், எந்தக் கருவியில், எஃப்ஐஓ2 (உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) எவ்வளவில் இருந்தார் என்பது வேண்டும். ஏஆர்டிஎஸ் என்று எழுதப்போகிறீர்கள் என்றால் எந்த வரையறைப்படி என்று கேட்பார்கள். 2012 பெர்லின் வரையறைக்கு பிஏஓ2/எஃப்ஐஓ2 விகிதம் 300 அல்லது அதற்குக் கீழே இருப்பதோடு பீப் அல்லது சிபாப் (கருவி தரும் மூச்சுவழி அழுத்தம்) குறைந்தது 5 செ.மீ. நீரழுத்தம் இருக்க வேண்டும். வெறும் மாஸ்க் ஆக்சிஜனில் இருந்தவருக்கு அது பொருந்தாது. 2023-இல் வந்த உலகளாவிய வரையறை, நிமிடத்துக்கு 30 லிட்டருக்குக் குறையாத ஹைஃப்ளோ ஆக்சிஜனையும் ஏற்கிறது. சிறுநீரகப் பாதிப்புக்கும் இப்படித்தான். ஒற்றை கிரியேட்டினின் 1.6 என்பதை வைத்துப் புதிய பாதிப்பு என்று சொல்ல முடியாது. 48 மணி நேரத்தில் 0.3 கூடியதா, அல்லது 7 நாளுக்குள் அடிப்படை அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆனதா என்று காட்ட வேண்டும். டிஸ்சார்ஜின்போது எடுத்த கிரியேட்டினின் 0.8 என்றால் அதை அடிப்படை அளவாகக் கொள்ளலாம். அதனால் டிஸ்சார்ஜ் நாளின் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். நோயாளி தேறிவிட்டார் என்பதற்காக அந்த நாள் சாம்பிளை எடுக்காமல் விடுவது எல்லா வார்டுகளிலும் நடக்கிறது.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. படம் எடுக்க ஒப்புதல் வாங்கிய பிறகே கேமராவை எடுங்கள் (பிரசுரிக்க வாங்கும் ஒப்புதல் வேறு, அது மூன்றாம் படியில்). ஒரு படம் சற்றுத் தள்ளி, உடலின் எந்த இடம் என்று தெரியும்படி. இன்னொன்று நெருக்கமாக, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோலோடு. ஃபிளாஷ் நேராக அடித்தால் பொருக்கின் மேடுபள்ளம் மறைந்துபோகும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். முகம், தாலி, பச்சை குத்திய பெயர், கைப்பட்டையில் உள்ள ஐபி எண் எதுவும் வரக்கூடாது. கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. இதழ்கள் அதை ஏற்பதில்லை. உங்கள் ஃபோன் படங்களைத் தானாகவே கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். யூனிட் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டால் அது எங்கெங்கு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, படத்தின் தரமும் குறைந்துவிடும். எக்ஸ்ரே, சிடி படங்களை லைட் பாக்ஸில் வைத்து ஃபோனில் பிடிக்காமல் ரேடியாலஜியின் கணினியிலிருந்தே, பெயரும் எண்ணும் நீக்கி வாங்குங்கள்.

மூன்றாம் படி: ஒப்புதல்

மருத்துவமனையில் சேரும்போது கையெழுத்திட்ட சிகிச்சை ஒப்புதல் வேறு, தன் நோயைப் பிரசுரிக்கத் தரும் ஒப்புதல் வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை ஈடுகட்ட முடியாது. சில இதழ்கள், உதாரணமாக பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ், தங்கள் சொந்தப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கின்றன. எந்த இதழ் என்று முடிவாகாத நிலையில் உங்கள் மருத்துவமனைப் படிவத்தில் வாங்கி வைத்து, மறுபரிசோதனைக்கு வரும்போது இதழின் படிவத்தையும் நிரப்பிக்கொள்ளலாம்.

வேண்டியதைப் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். இந்த அளவு போதும்:

"அம்மா, உங்களுக்கு வந்த காய்ச்சல் டெங்கு மாதிரி தெரிஞ்சுது, ஆனா வேற காய்ச்சலாவும் இருந்துச்சு. இதைப் பத்தி மத்த டாக்டருங்க படிக்கிற புத்தகத்துல எழுத ஆசைப்படுறோம். உங்க பேரு, ஊரு, முகம் எதுவும் வராது. அந்தப் புண்ணோட போட்டோ வரும். இன்டர்நெட்ல யார் வேணும்னாலும் பாக்கலாம். உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது கண்டுபிடிக்கிறதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு. வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒண்ணும் குறையாது. புத்தகத்துல வர்றதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் வேண்டாம்னு சொல்லலாம். வந்த பிறகு திரும்ப எடுக்க முடியாது."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஐசியூவில் மூச்சுத்திணறலோடு இருக்கும்போது கேட்கக்கூடாது. தேறி, எழுந்து உட்கார்ந்து பேசும் நிலையில், டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் கேட்பது நல்லது. அட்டெண்டராக வந்த மகன் சம்மதிப்பது போதாது, நோயாளி சுயநினைவோடு இருந்தால் அவர்தான் சம்மதிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, உங்கள் யூனிட்டைச் சேராத ஒருவர் சாட்சியாக இருந்து கையெழுத்திட வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் நெருங்கிய உறவினரிடம் கேட்கலாம். துக்கம் நடந்த அன்றே கேட்காதீர்கள்.

நிறுவன நெறிமுறைக் குழுவைப் பொறுத்தவரை, ஒற்றைக் கேஸ் ரிப்போர்ட்டுக்குப் பல நிறுவனங்கள் முழு ஆய்வு கேட்பதில்லை. ஆனாலும் விலக்கு என்று நீங்களாக முடிவுசெய்ய முடியாது. அதை முடிவுசெய்யும் உரிமை குழுவுக்கே உண்டு. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் விலக்கு, விரைவு ஆய்வு, முழுக் குழு ஆய்வு என்று மூன்று வகை வைத்திருக்கின்றன. ஒரு பக்கக் கடிதம் கொடுத்து விலக்குக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள். இதழ் கேட்கும்போது குழுவின் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: காலவரிசை

கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டு, இடப்பக்கம் காய்ச்சலின் நாள், வலப்பக்கம் மருத்துவமனை நாள் என்று இரண்டு கணக்கையும் போடுங்கள். இந்த இரண்டும் குழம்புவதால்தான் பாதிக் கட்டுரைகளில் தர்க்கமே உடைகிறது. "மூன்றாம் நாள் பிளேட்லெட் 38,000" என்றால் எதன் மூன்றாம் நாள்? நம் நோயாளிக்கு:

காய்ச்சல் நாள் 1: குளிர், தலைவலி. வயல் வேலைக்குப் போனது நின்றது.
நாள் 4: மருந்துக்கடையில் பாராசிட்டமால், பெயர் தெரியாத ஒரு ஆன்டிபயாடிக்.
நாள் 6: தனியார் கிளினிக், என்எஸ்1 ரேபிட் கார்டு பாசிட்டிவ், டிரிப்.
நாள் 8, மருத்துவமனை நாள் 1: சேர்க்கை. அறைக் காற்றில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம்.
நாள் 9, மருத்துவமனை நாள் 2: எஸ்கார் தெரிகிறது. சீரம், ஈடிடிஏ ரத்தம் எடுத்தபின் காலை 11 மணிக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. முதல் டோஸ், பின் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை.
நாள் 11: அதிகாலை 3 மணியிலிருந்து காய்ச்சல் இல்லை.

இதை எழுதியவுடனே ஓட்டைகள் தெரியும். நான்காம் நாள் சாப்பிட்ட மாத்திரை என்ன? பழைய அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கொண்டுவரச் சொல்லலாம். அது அசித்ரோமைசினாக இருந்தால் கதையே மாறும். அந்த மருந்து ஸ்க்ரப் டைஃபஸிலும் வேலை செய்யும். வெளி கிளினிக்கின் சோதனைத் தாளை ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். "என்எஸ்1 பாசிட்டிவ் என்று சொன்னார்கள்" என்பது சான்று ஆகாது. எந்தக் கம்பெனி கார்டு, எந்தத் தேதி என்பதெல்லாம் வேண்டும்.

கட்டுரையில் காலண்டர் தேதிகள் வரக்கூடாது. நாள் எண்ணாக மாற்றிவிடுங்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு "தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்று" என்ற அளவில் நிறுத்துங்கள். தொழில் நோயோடு சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் எழுதலாம். இங்கே வயல் வேலை சம்பந்தப்பட்டது, ஏனென்றால் ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்பும் உண்ணிப்பூச்சியின் இளம்பருவம் புல், புதர், வரப்போரங்களில் இருக்கிறது.

ஐந்தாம் படி: உங்கள் முடிவை நீங்களே உடைத்துப் பாருங்கள்

கட்டுரையின் தரம் இங்கேதான் தெரியும். "இரட்டைத் தொற்று" என்ற முடிவை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆட்சேபம்: டெங்குவுக்கு என்ன சான்று? ஒரு ரேபிட் கார்டு மட்டும். டெங்குக் காய்ச்சல் கட்டம் வழக்கமாக 2 முதல் 7 நாள். எட்டு, ஒன்பதாம் நாளில் அதிகக் காய்ச்சலும், குறைவதற்குப் பதில் கூடியிருக்கும் வெள்ளணுவும் டெங்குவோடு ஒத்துப்போகவில்லை. உறைய வைத்த சீரத்தில் என்எஸ்1 எலைசாவும் டெங்கு ஐஜிஎம் எலைசாவும் செய்யுங்கள். இந்தச் சீரம் ஒன்பதாம் நாளில் எடுத்தது, அதற்குள் என்எஸ்1 மறைந்திருக்கலாம். அதனால் இதில் என்எஸ்1 நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. கிளினிக்கில் எடுத்த ஆறாம் நாள் ரத்தம் மிச்சமிருக்கிறதா என்று ஒரு ஃபோன் செய்து கேட்பது வீண் போகாது.

இரண்டாவது: ஐஜிஎம் இரண்டும் பாசிட்டிவ் என்றால் இரண்டு நோயும் இப்போது இருக்கின்றன என்று ஆகுமா? ஆகாது. ஐஜிஎம் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கக்கூடியது. இந்த நோய்கள் அதிகமாக உள்ள ஊரில் போன பருவத்து ஐஜிஎம் இந்தப் பருவத்தில் தெரியலாம். இரட்டைத் தொற்று என்று வெளியான பல கட்டுரைகளின் பலவீனம் இதுதான். நம்பும்படி சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக வலுவான சான்று வேண்டும். டெங்குவுக்கு ஆர்டி-பிசிஆர், அல்லது எலைசாவில் உறுதியான என்எஸ்1. ஸ்க்ரப் டைஃபஸுக்கு ரத்தத்திலோ எஸ்காரிலோ பிசிஆர், அல்லது இரண்டு சீரங்களுக்கு இடையே ஐஎஃப்ஏ (ஒளிரும் சாயத்தால் எதிர்ப்புரத அளவைக் காணும்) சோதனையில் நான்கு மடங்கு உயர்வு. நம் நோயாளிக்கு எஸ்காரும் இருப்பதால் ஸ்க்ரப் டைஃபஸ் பக்கம் உறுதியாக இருக்கிறது. டெங்கு பக்கம் தொங்குகிறது.

எலைசா முடிவைப் "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஓடி (நிறச்செறிவு) மதிப்பு எவ்வளவு, உங்கள் ஆய்வகத்தின் கட்ஆஃப் (பாசிட்டிவ் என்று கொள்ளும் எல்லை) எவ்வளவு, அந்தக் கட்ஆஃப் எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதை மைக்ரோபயாலஜியில் கேட்டு எழுதுங்கள். கட்ஆஃப் ஊருக்கு ஊர் மாறும். 0.5 கட்ஆஃபில் 0.6 வந்ததும் 2.4 வந்ததும் ஒன்றல்ல. ஸ்க்ரப் டைஃபஸுக்கான பழைய வெயில்-ஃபீலிக்ஸ் ரத்தச் சோதனையை மட்டும் வைத்துக் கட்டுரை எழுத முயல வேண்டாம். அது பல நோயாளிகளைத் தவறவிடும்.

மூன்றாவது ஆட்சேபத்தைப் பலரும் யோசிப்பதே இல்லை. "டாக்சிசைக்ளின் கொடுத்ததும் காய்ச்சல் விட்டது, அதனால் ஸ்க்ரப் டைஃபஸ்" என்று எழுதுகிறார்கள். டாக்சிசைக்ளினுக்கு எலிக்காய்ச்சலும் அடங்கும், மற்ற ரிக்கெட்சியா காய்ச்சல்களும் அடங்கும். தானாகவே இறங்கவிருந்த காய்ச்சலும் அந்த நேரத்தில் இறங்கியிருக்கலாம். மருந்துக்கு அடங்கியது துணைச் சான்றுதான். எனவே லெப்டோஸ்பைரா, மலேரியா, டைஃபாய்டு ஆகியவற்றை எந்தச் சோதனையால், எந்த நாளில் விலக்கினீர்கள் என்று ஒரு பத்தி கட்டாயம் எழுத வேண்டும். ரத்தக் கல்ச்சர் ஆன்டிபயாடிக்குக்கு முன்னா பின்னா என்பதையும்.

இவ்வளவுக்கும் பிறகு டெங்கு ஐஜிஎம் இரண்டாவது சீரத்திலும் நெகட்டிவ் என்று வந்தால் அந்த என்எஸ்1 கார்டு தவறாகப் பாசிட்டிவ் காட்டியிருக்கிறது என்று நியாயமாகச் சொல்லலாம். அப்போது தலைப்பு "இரட்டைத் தொற்று" இல்லை. அதைவிடப் பயனுள்ள, அதைவிட உண்மையான தலைப்பு உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

மருந்தின் பக்கவிளைவு பற்றிய கட்டுரை என்றால் இதே வேலையை 1981-இல் வந்த நராஞ்சோ அளவுகோலின் 10 கேள்விகள் செய்யும். 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும், 1 முதல் 4 வரை இருக்கலாம். மருந்தை நிறுத்திய தேதியும் அறிகுறி குறைந்த தேதியும் இல்லாமல் மதிப்பெண் போட முடியாது. இதழுக்கு அனுப்புவதற்கு முன்பே மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் படிவத்தையும் நிரப்பி, உங்கள் கல்லூரியில் உள்ள மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: முன்னால் யார் எழுதினார்கள்?

பப்மெடில் (மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தொகுப்பு) நோயின் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். கேள்வியைத் துண்டாக்குங்கள்: நோய், சோதனை, தவறான முடிவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாற்றுப் பெயர்களை எழுதி, மாற்றுப் பெயர்களை "ஆர்" போட்டும் துண்டுகளை "ஆண்ட்" போட்டும் இணையுங்கள். மெஷ் சொற்களையும் (பப்மெடின் நிலையான தலைப்புச் சொற்கள்) சேர்த்துப் பாருங்கள். தேடிய தேதியையும் தேடல் வரியையும் அப்படியே நகலெடுத்து வையுங்கள். இந்திய இதழ்கள் பல பப்மெடில் இருக்காது என்பதால் கூகுள் ஸ்காலரிலும் ஒருமுறை பாருங்கள்.

"உலகிலேயே முதல் கேஸ்" என்று எழுதும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். இன்ன தேதி வரை, இன்ன சொற்களால், இன்ன தளங்களில் தேடியதில் இத்தனை கட்டுரைகள் கிடைத்தன என்பது போதும். கிடைத்தவற்றை முழுக் கட்டுரையாகப் படித்து, வயது, காய்ச்சல் நாள், சோதனை முறை, முடிவு என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணையாக்கினால் அதுவே விவாதப் பகுதியின் பாதி.

ஏழாம் படி: எழுதுவது

கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கான கேர் வழிகாட்டுதல்கள் 2013-இல் வெளியாயின. அவற்றின் 13 அம்சப் பட்டியலைப் பல இதழ்கள் நிரப்பிக் கேட்கின்றன. அதை எழுதி முடித்தபின் நிரப்பாமல், எழுதத் தொடங்கும் முன்பே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் சொந்தப் பார்வைக்கும் அதில் இடம் உண்டு. பெரும்பாலோர் அதைக் காலியாக விடுகிறார்கள். "டெங்குன்னு சொன்னதால ரெண்டு நாள் பப்பாளி இலைச் சாறு குடிச்சுக்கிட்டு வீட்டுலயே இருந்தேன்" என்று நோயாளி சொன்னால் அது தாமதத்தின் காரணத்தையே காட்டும் தகவல்.

எழுதும் வரிசை: முதலில் நோயாளியின் விவரம், பிறகு விவாதம், பிறகு முன்னுரை, அதன்பின் சுருக்கம், கடைசியாகத் தலைப்பு. நோயாளிப் பகுதியில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "துரதிர்ஷ்டவசமாக", "உரிய நேரத்தில் எடுத்த சிகிச்சையால்" போன்ற சொற்கள் வேண்டாம். சாதாரணமாக இருந்த இருபது பரிசோதனைகளையும் வரிசையாக அடுக்காமல், கேள்வியோடு தொடர்புடைய நெகட்டிவ்களை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அலகும் உங்கள் ஆய்வகத்தின் இயல்பு வரம்பும் வேண்டும். பிளேட்லெட்டை வார்டில் "0.38 லட்சம்" என்று சொல்கிறோம். இதழில் மைக்ரோலிட்டருக்கு 38,000 என்று எழுத வேண்டும்.

விவாதத்தில் ஒரு எல்லையைத் தாண்டாதீர்கள். ஒரு நோயாளிக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்துக் குணமானால் "கூட்டுச் சிகிச்சை சிறந்தது" என்று எழுத முடியாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய இன்ட்ரெஸ்ட் ஆய்வில் கடுமையான ஸ்க்ரப் டைஃபஸ் உள்ளவர்களை மூன்று குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, 794 பேரின் முடிவைக் கணக்கிட வேண்டியிருந்தது. 2023-இல் வெளியான அதன் முடிவில், இறப்பு, ஏழாம் நாளிலும் நீடித்த சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடித்த காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட அளவு, இரண்டு மருந்தும் பெற்றவர்களிடம் 33 சதவீதம், டாக்சிசைக்ளின் மட்டும் பெற்றவர்களிடம் 47, அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களிடம் 48. ஆனால் 28 நாள் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் மூன்று குழுக்களுக்கும் வித்தியாசமில்லை. இவ்வளவு பெரிய ஆய்வே இத்தனை அளந்து பேசும்போது ஒற்றை நோயாளியை வைத்து நாம் இன்னும் அளந்து பேச வேண்டும்.

எட்டாம் படி: யார் யார் பெயர்

எழுதத் தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு) விதிப்படி ஒருவர் ஆசிரியராக நான்கும் வேண்டும்: திட்டமிடலிலோ தரவிலோ உண்மையான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பது தவறு. உறைந்த சீரத்தை எடுத்து ஐஎஃப்ஏ செய்து தந்து, அந்தப் பத்தியைத் திருத்திய மைக்ரோபயாலஜி மருத்துவரை நன்றியுரையில் ஒதுக்குவதும் அதே அளவு தவறு. செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போட முடியாது. மொழியைச் சீர்செய்யப் பயன்படுத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும், நோயாளியின் விவரங்களை அதில் உள்ளிடவே கூடாது.

ஒரு நோயாளியிலிருந்து தொடராக

இதே மாதிரி ஐந்தாறு பேர் வந்துவிட்டால் கேஸ் சீரிஸ் ஆக்கலாம். எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் வெளியான, எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கையில் லாஸ் ஏஞ்சலிஸின் ஐந்து இளைஞர்கள்தான் இருந்தார்கள். ஐந்து பேருக்குமே நியூமோசிஸ்டிஸ் நிமோனியா பயாப்ஸியால் உறுதியாகியிருந்தது. அந்த உறுதிதான் அதற்குப் பலம்.

தொடருக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் கேஸ் ஷீட்டுகளைத் திறக்க வேண்டும். முதலில் நோய் வரையறையை எழுதுங்கள்: எந்தச் சோதனை, எந்தக் கட்ஆஃப், எந்தக் காலம், யார் விலக்கப்படுவார்கள். பிறகு எம்ஆர்டியில் (மருத்துவப் பதிவேட்டுத் துறை) ஸ்க்ரப் டைஃபஸுக்கான ஐசிடி-10 (நோய்களின் சர்வதேசப் பட்டியல்) குறியீடு ஏ75.3 போட்டுக் கேட்பீர்கள். அதோடு நின்றால் பலர் விட்டுப்போவார்கள். சேரும்போது "வைரல் ஃபீவர்" என்றோ "காரணம் தெரியாத காய்ச்சல்" என்றோ போட்ட குறியீடு டிஸ்சார்ஜ் வரை மாறாமலே இருக்கும். அதனால் மைக்ரோபயாலஜியின் எலைசா பதிவேட்டை எடுத்து, பாசிட்டிவ் ஆன ஐபி எண்களை எம்ஆர்டி பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

தரவுப் படிவத்தை முதலில் ஐந்து கேஸ் ஷீட்டில் நிரப்பிப் பார்த்துத் திருத்துங்கள். "எஸ்கார்" என்ற கட்டத்தில் ஆம், இல்லை என்று இரண்டு மட்டும் வைத்தால் பார்க்கப்படாதவர்களும் "இல்லை" ஆகிவிடுவார்கள். "பதியப்படவில்லை" என்ற மூன்றாவது விடை கட்டாயம். பத்தில் ஒரு கேஸ் ஷீட்டையாவது இன்னொருவர் தனியாக நிரப்பி ஒப்பிடட்டும். 20 பேர் உள்ள தொடரில் சராசரியைவிட மீடியனும் (நடுமதிப்பு) இடைக்கால்மான வீச்சும் (நடுவில் உள்ள பாதிப் பேரின் வீச்சு) பொருத்தம். அந்த எண்ணிக்கையில் பி-மதிப்பு தேட வேண்டாம். ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் "14-இல் 6" என்று எண்ணையும் போடுங்கள், ஏனென்றால் பகுதி (மொத்தம் எத்தனை பேர் என்ற கீழ் எண்) ஒவ்வொரு சோதனைக்கும் மாறும். சிகிச்சையை நீங்களே ஒதுக்கிக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் அது தொடர் ஆகாது, மருத்துவச் சோதனை. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐயில் (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்னோக்கிப் பதிவை அங்கே ஏற்பதில்லை.

அனுப்புவதும் திருத்துவதும்

இதழைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அது கேஸ் ரிப்போர்ட் ஏற்கிறதா, எந்தத் தளங்களில் உண்மையிலேயே பட்டியலிடப்பட்டிருக்கிறது, கட்டணம் எவ்வளவு. பட்டியலிடப்பட்டிருப்பதாக இதழே சொல்வதை நம்பாமல் அந்தத் தளத்திலேயே தேடிப் பாருங்கள். "48 மணி நேரத்தில் ஏற்பு" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை ஒதுக்குங்கள். அங்கே போய்விட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பக்கூடாது.

மதிப்பாய்வாளர் கருத்துகள் வந்ததும் ஒவ்வொன்றையும் அப்படியே நகலெடுத்து, அதன் கீழே பதிலும், மாற்றிய பக்கம், வரி எண்ணும் எழுதுங்கள். கேட்ட சோதனை செய்யப்படவில்லை என்றால் செய்யவில்லை என்று எழுதி, அதைக் குறைபாடுகள் பகுதியிலும் சேருங்கள். நம் எடுத்துக்காட்டில் வரக்கூடிய கேள்வியை இப்போதே சொல்லிவிடலாம்: "ஆறாம் நாள் மாதிரியில் டெங்கு ஆர்டி-பிசிஆர் செய்யப்பட்டதா?" கிளினிக்கில் அந்த ரத்தம் இல்லை என்று தெரிந்திருந்தால், கேட்டுப் பார்த்ததையும் கிடைக்காததையும் முதல் வரைவிலேயே எழுதியிருங்கள்.